பெயர் தெரியாத பழைய கார் என்ஜின்: செய்தவர் யார் என்று கண்டறியும் முறை

காரிலிருந்து கழற்றப்பட்டுத் தனியே கிடக்கும் பழைய என்ஜின் எந்தக் கம்பெனியுடையது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேடுவது பெயர் பொறித்த தகட்டைத்தான். அந்தத் தேடல் பல நேரங்களில் தவறான விடையில் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் பித்தளைத் தகட்டில் பாஷ் என்றிருக்கும். கார்பரேட்டரில் ஜெனித் அல்லது சோலெக்ஸ் என்றிருக்கும். டைனமோவில் லூகாஸ் அல்லது டெல்கோ என்றிருக்கும். இவை யாவும் துணைக்கருவிகளைச் செய்து எத்தனையோ கார் கம்பெனிகளுக்கு விற்றவர்களின் பெயர்கள். போதாக்குறைக்கு, இத்தனை ஆண்டுகளில் அந்தக் கருவிகளே ஒரு பட்டறையில் கழற்றப்பட்டு மற்றொரு பட்டறையில் வேறோர் என்ஜினில் மாட்டப்பட்டிருக்கும்.

ஆகவே இந்த வேலையில் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே. வார்ப்பிலேயே அமைந்திருப்பதை முதலில் நம்ப வேண்டும். போல்ட் போட்டு மாட்டியதை அதற்குப் பிறகுதான் நம்ப வேண்டும். தகட்டில் எழுதியிருப்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். சிலிண்டர்கள் எத்தனை, அவை எப்படிச் சேர்த்து வார்க்கப்பட்டுள்ளன, வால்வுகள் எங்கே இருக்கின்றன, சிலிண்டர்களின் மேல் மூடியாகிய ஹெட் தனியாகக் கழலுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், நூற்றுக்கணக்கான பெயர்கள் ஐந்தாறாகக் குறைந்துவிடும். இங்கே கூறப்படுவன பெரும்பாலும் 1900 முதல் 1930 வரை செய்யப்பட்ட என்ஜின்களுக்குப் பொருந்தும். பிரிட்டிஷ் வழக்கில் 1919 முதல் 1930 வரையிலான கார்களை விண்டேஜ் என்றும், அதற்கு முந்தையவற்றை எட்வர்டியன், வெட்ரன் என்றும் பிரிப்பார்கள்.

தொடங்கும் முன்

எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் மரக் குச்சியும் கொண்டு பொறுமையாக நீக்க வேண்டும். கிரைண்டரையோ கம்பிச் சக்கரத்தையோ எடுக்கவே கூடாது. ஆழமில்லாமல் பொறித்த எண்கள் அரை நிமிடத்தில் போய்விடும், போன எண் திரும்பி வராது. காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் வழக்கம் இரும்புக்குச் சரிதான். ஆனால் அக்கால என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர்களுக்குக் கீழே உள்ள கூடாகிய கிராங்க்கேஸ் அலுமினியத்தால் ஆனது. சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு எந்தப் பகுதி இரும்பு, எந்தப் பகுதி அலுமினியம் என்று முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அந்தக் குறிப்பு பின்னர் அடையாளம் காணவும் உதவும். வார்ப்பில் புடைத்திருக்கும் எழுத்துகள் தேய்ந்திருந்தால் அவற்றின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இடம், வலம் என்பவை எப்போதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும்போது அமைபவை. ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கும் முனை பின்பக்கம். கிராங்கு கைப்பிடி நுழையும் முனை முன்பக்கம்.

வால்வுகள் எங்கே இருக்கின்றன

மிகுதியான என்ஜின்கள் பக்கவாட்டு வால்வு கொண்டவை. ஹெட் வெறும் தட்டையான மூடிபோல இருக்கும். அதன் மேல் அசையும் பாகம் எதுவும் இராது. சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பாகிய பிளாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும், வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டுகளை மூடும் கதவுகள் இருக்கும்; பெரும்பாலும் பெட்ரோல் ஆவி உள்ளே செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் அதே பக்கத்தில் இருக்கும். இதற்கு எல்-ஹெட் என்று பெயர். ஃபோர்டு, டாட்ஜ், ஆஸ்டின், மோரிஸ் எல்லாம் இந்த வகையில் அடங்கும் என்பதால், இதை மட்டும் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

ஒரு பக்கம் உள்வழிக் குழாயும் எதிர்ப்பக்கம் புகைக் குழாயும் இருந்து, இரண்டு பக்கமும் டேப்பெட்டுகளும் அவற்றை இயக்கும் தண்டாகிய கேம்ஷாஃப்ட் தனித்தனியாகவும் இருந்தால் அது டி-ஹெட். இரண்டு கேம்ஷாஃப்ட் செய்வது செலவு மிகுந்த வேலை என்பதால் முதல் உலகப் போருக்குப் பின் இது அருகிவிட்டது. அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ, மெர்சர் ரேஸ்அபவுட், ஆரம்பகால ஸ்டட்ஸ் பேர்கேட்டில் இருந்த விஸ்கான்சின் என்ஜின் ஆகியவை பெரிய டி-ஹெட்டுகள். 1913 இல் வந்த முதல் மோரிஸ் ஆக்ஸ்போர்டில் இருந்த ஒயிட் அண்ட் பாப்பே என்ஜின் வெறும் 1,018 சிசி கொண்ட சிறிய டி-ஹெட். அளவில் சிறியதாகவும் டி-ஹெட்டாகவும் இருப்பது அரிது என்பதால் இதை இனங்காண்பது எளிது.

உள்வழி வால்வு மேலேயும் புகை வால்வு பக்கத்திலும் இருந்தால் அது எஃப்-ஹெட். மிகப் பழைய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் மேலே உள்ள வால்வைத் தள்ளுவதற்கு எந்தக் கம்பியும் இராது. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் மெலிந்த ஸ்பிரிங்கை மீறி அது தானே திறக்கும். பாரிஸுக்கு அருகே செய்யப்பட்ட டி டியோன்-பூத்தோன் என்ஜின்களின் முதன்மையான அடையாளம் இது. இந்த என்ஜின்களை அந்தக் கம்பெனி நூற்றுக்கு மேற்பட்ட பிற கம்பெனிகளுக்கு விற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எஃப்-ஹெட்டில் மேல் வால்வைப் புஷ்ராடும் (கீழிருந்து தள்ளும் கம்பி) ராக்கரும் (அதன் மேல் ஆடும் நெம்புகோல்) இயக்கினால் காலம் பிந்தியது என்று பொருள்; 1919 இன் எஸ்ஸெக்ஸும் 1920களின் ஹம்பரும் அப்படிப்பட்டவை.

இரண்டு வால்வுகளும் ஹெட்டிலேயே இருந்தால் பியூக், ஷெவ்ரலே என்ற இரண்டு பெயர்களை முதலில் நினைக்க வேண்டும். பியூக் 1904 இல் தொடங்கியதிலிருந்தே இந்த அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. கேம்ஷாஃப்ட்டே ஹெட்டின் மேல் இருந்தால் அது விலை உயர்ந்த காருடையதாகவோ பந்தயக் காருடையதாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இவை எதிலும் சேராத ஒரு வகையும் உண்டு. பிளாக்கின் எந்தப் பக்கத்திலும் டேப்பெட்டுக் கதவு இல்லை, மேலே ராக்கர் மூடியும் இல்லை, வால்வு ஸ்பிரிங் என்று ஒன்றைக்கூடக் காணவில்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் குழாய்கள் பொருத்தும் துளைகள் இருக்கின்றன என்றால் அது சார்லஸ் நைட் கண்டுபிடித்த ஸ்லீவ் வால்வு என்ஜின். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள் மேலும் கீழும் நகர்ந்து, அவற்றில் வெட்டிய சாளரங்கள் நேர்படும்போது வழி திறக்கும். அமைதியாக ஓடும், எண்ணெயைக் குடிக்கும், பின்னால் நீலப் புகை விடும். கவென்ட்ரியின் டைம்லர் 1909 இலிருந்தும், அதைத் தொடர்ந்து பெல்ஜியத்தின் மினர்வா, பிரான்சின் பான்ஹார்ட், வுவாசான், அமெரிக்காவின் வில்லிஸ்-நைட் ஆகியவையும் இதைச் செய்தன. இவற்றுக்குள் யார் என்பதைப் பிரிக்கப் பின்னால் சொல்லும் மரைச் சோதனை, அதாவது போல்ட்களின் திருகு மரையை அளந்து பார்ப்பது, தேவைப்படும்.

சிலிண்டர்கள் வார்க்கப்பட்ட விதம்

தொடக்க காலத்தில் நான்கு சிலிண்டரை ஒரே வார்ப்பாகக் குறையில்லாமல் எடுப்பது கடினமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு சிலிண்டராகவோ இரண்டிரண்டாகவோ வார்த்துப் பொதுவான கிராங்க்கேஸின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். 1909 முதல் 1914 வரை வந்த நான்கு சிலிண்டர் காடிலாக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி. ஒவ்வொன்றையும் சுற்றி நீர் நிற்கும் உறை செம்பால் ஆனது. செம்பு உறையைக் கண்டால் அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். பியர்ஸ்-ஏரோவின் பெரிய ஆறு சிலிண்டர் என்ஜின்கள் இரண்டிரண்டாக மூன்று தொகுதிகள். ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் மும்மூன்றாக இரண்டு தொகுதிகள். தனித்தனியாக நிற்கும் சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றுக் குளிர்ச்சிக்கான துடுப்புகள் இருந்து, நீர்க் குழாய்க்கு இடமே இல்லாவிட்டால், நான்கு அல்லது ஆறு சிலிண்டர் அமெரிக்க என்ஜின் என்ற அளவில் அது சிரக்யூஸ் நகரின் ஃபிராங்க்ளினாக இருக்கக்கூடும்.

ஹெட் கழலுமா என்பதைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். பல பழைய என்ஜின்களில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் நடுவே இணைப்புக் கோடு இராது. வால்வுகளை எடுப்பதற்காக ஒவ்வொரு வால்வுக்கும் நேர் மேலே மரையிட்ட பெரிய மூடி ஒன்று இருக்கும். ஸ்பார்க் பிளக் பெரும்பாலும் அந்த மூடியிலேயே பொருந்தியிருக்கும். இதை அறியாமல், துருவுக்கு அடியில் கேஸ்கெட் கோடு மறைந்திருக்கிறது என்று எண்ணி உளியை வைத்துத் தட்டி, ஈடு கிடைக்காத பிளாக்கை உடைத்துவிடுபவர்கள் உண்டு. கோடு கண்ணுக்குத் தெரியும் வரை சுத்தியலைத் தொடாதிருப்பதே நல்லது.

ஃபோர்டு

உலகில் எந்த மூலையில் பழைய என்ஜின் கிடைத்தாலும் அது ஃபோர்டு மாடல் டி ஆக இருக்கும் வாய்ப்பு மற்ற எதைவிடவும் மிகுதி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் வந்தன. காரை நிறுத்திய பிறகும் 1941 வரை அதன் என்ஜினை மட்டும் தயாரித்தார்கள். ஆகவே இதைக் கரைத்துக் குடித்துவிட்டால் பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.

நான்கு சிலிண்டரும் ஒரே வார்ப்பு. மேலே பதினைந்து போல்ட்கள் பிடித்திருக்கும் கழலும் ஹெட். பிளாக்கின் இடப்பக்கத்தில் ரேடியேட்டரிலிருந்து நீர் வரும் வாய், அதற்குச் சற்று மேலே செவ்வகமான சிறு மேடை, அந்த மேடையில் பொறித்த எண். வலப்பக்கத்தில் வால்வுகள், அவற்றை மூடும் கதவுகள் இரண்டு. கதவே இல்லாமல் வால்வு ஸ்பிரிங்குகள் வெளியே தெரிந்தால், கதவுகள் அறிமுகமான 1911 க்கு முந்தைய பிளாக் அது. தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானே மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் முறையில் ஓடியது. முதலில் வந்த ஏறத்தாழ 2,500 கார்களில் மட்டும் பம்ப் இருந்தது என்பதால், பம்புள்ள டி என்ஜின் கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், அது பின்னாளில் கடையில் வாங்கி மாட்டிய பம்பா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் அருகில் போய்ப் பார்த்தால், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி இதில் இல்லை. பின்புறத்தில் கீழே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருக்கும். மேல் திருகைத் திறந்து எண்ணெய் வழிந்தால் நிறைந்திருக்கிறது, கீழ்த் திருகில்கூட வராவிட்டால் ஊற்ற வேண்டும் என்பது கணக்கு. என்ஜினும் கியர் பகுதியும் தகரத்தை அழுத்திச் செய்த ஒரே நீண்ட தொட்டியில் அமர்ந்திருக்கும். ஃபிளைவீலின் முகத்தில் வளைந்த காந்தங்கள் பதினாறு, வட்டமாகத் திருகப்பட்டிருக்கும். மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. பிளக் பொருந்தும் துளை அரை அங்குலக் குழாய் மரை, உள்ளே போகப் போகக் குறுகும். இந்தக் காந்தச் சக்கரமும் குழாய் மரையும் ஒன்றாக இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

ஹெட்டை மட்டும் வைத்து இந்த என்ஜினை மறுத்துவிடக் கூடாது. 1917 இல் நீர் கொள்ளும் இடத்தைப் பெரிதாக்கி ஹெட்டின் உயரத்தைக் கூட்டினார்கள். அதுமட்டுமின்றி, வேகம் வேண்டியவர்களுக்காக வெளியார் செய்த மேல்வால்வு ஹெட்டுகளும் விற்பனையில் இருந்தன. அவற்றில் பெயர் பெற்ற ஃப்ராண்டனாக் ஹெட்டைச் செய்தவர்கள் ஷெவ்ரலே சகோதரர்கள்! தம் பெயரில் ஓடிய காருக்குப் போட்டியான காரை வேகப்படுத்தி அவர்கள் பிழைத்தது வரலாற்றின் வேடிக்கை. ராக்கர்கள் மேலே ஆடுவதைக் கண்டு ஃபோர்டு இல்லை என்று சொல்லும் முன் பிளாக்கின் இடப்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

1927 இன் இறுதியில் வந்த மாடல் ஏ இதன் அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் குழப்பம் வராது. ஹெட்டின் நடுவே மேல்நோக்கி டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும். அதிலிருந்து பிளக்குகளுக்கு ஒயருக்குப் பதிலாகத் தட்டையான உலோகப் பட்டைகள் செல்லும். முன்னால் தண்ணீர் பம்ப் இருக்கும். எண் இங்கும் இடப்பக்கத்து நீர் வாய்க்கு மேலேதான், ஏ என்ற எழுத்துடன் தொடங்கும். 1932 இல் வந்த வி8 விண்டேஜ் எல்லையைத் தாண்டியது என்றாலும், ஹெட்டைப் பிடித்திருக்கும் மரைக் கம்பிகளாகிய ஸ்டட்களை எண்ணினாலே அதன் காலம் தெரிந்துவிடும் என்பதால் குறிப்பிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு 21 என்றால் முதல் வகை. 24 என்றால் 1938 அல்லது அதற்குப் பிந்தியது. 17 என்றால் அறுபது குதிரைத்திறன் கொண்ட சிறிய வி8.

மற்ற அமெரிக்க என்ஜின்கள்

ஷெவ்ரலே 490 மாடலின் நான்கு சிலிண்டர் என்ஜினில் புஷ்ராடுகள் பிளாக்கின் பக்கவாட்டில் வெளியிலேயே, எந்த மறைப்பும் இல்லாமல் ஏறிச் செல்லும். 1929 இல் வந்த ஆறு சிலிண்டர் ஷெவ்ரலேயில் இவை உள்ளே போய்விட்டன. அங்கே ஸ்க்ரூடிரைவர் கீறலுள்ள போல்ட் தலைகளைத் தேட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 இலிருந்து பம்பாயின் சிவ்ரியில் கார்களின் பாகங்களை இணைத்து விற்றது என்பதால் இந்தியாவில் ஷெவ்ரலே என்ஜின் கிடைப்பதில் வியப்பில்லை.

பியூக்கையும் ஷெவ்ரலேயையும் பிரிக்கப் பழைய பியூக்கின் வால்வுகளைப் பார்க்க வேண்டும். ஹெட் கழலாத அந்தக் காலத்து பியூக்கில் ஒவ்வொரு வால்வும் தனியே திருகிக் கழற்றக்கூடிய கூண்டில் அமர்ந்திருக்கும். டாட்ஜ் பிரதர்ஸ் 1914 இலிருந்து செய்த 212 கன அங்குல என்ஜின் பார்வைக்கு எந்தத் தனித்தன்மையும் இல்லாத எல்-ஹெட். அதைக் காட்டிக்கொடுப்பது முன்பக்கத்தில் சங்கிலியால் இணைந்த ஒரே மின் கருவி. ஸ்டார்ட்டரும் டைனமோவும் அதுவே. மின்னழுத்தமும் 12 வோல்ட். காடிலாக்கின் 1915 ஆம் ஆண்டு வி8 இல் இரண்டு சிலிண்டர் தொகுதிகளும் தனித்தனி வார்ப்புகளாக அலுமினியக் கிராங்க்கேஸ் மேல் போல்ட் செய்யப்பட்டிருக்கும்; ஃபோர்டு வி8 இல் எல்லாம் ஒரே இரும்பு. டூசன்பெர்க் மாடல் ஜே கையில் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஆயினும் பச்சை வண்ணம் பூசிய, இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட அந்த எட்டுச் சிலிண்டர் என்ஜினை உண்மையில் செய்து கொடுத்தது லைகாமிங் என்ற என்ஜின் கம்பெனி என்பது அறியத்தக்கது.

பிரிட்டிஷ் என்ஜின்கள், மரைச் சோதனை

ஆஸ்டின் செவன் மூன்று அடுக்காக இருக்கும்: கீழே அலுமினியக் கிராங்க்கேஸ், அதன் மேல் இரும்புப் பிளாக், அதன் மேல் ஹெட். 747 சிசி மட்டுமே கொண்டதால் ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் இதையே உரிமம் பெற்று ஜெர்மனியில் டிக்ஸியும் பிறகு பிஎம்டபிள்யூவும், பிரான்சில் ரோசன்கார்ட்டும் செய்தார்கள்.

சில்வர் கோஸ்டின் இரு தொகுதிப் பக்கவாட்டு வால்வு அமைப்பை மேலே பார்த்தோம். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், ஒன்று மேக்னெட்டோவுக்கு, மற்றது காயிலுக்கு. 1925 இன் ஃபாண்டம் அதே போல மும்மூன்றாக நின்றாலும் வால்வுகள் மேலே போய்விட்டன, இரண்டு தொகுதிகளையும் ஒரே ஹெட் மூடியது. பென்ட்லி 3 லிட்டரில் ஹெட் கழலாது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் நான்கு வால்வு, முன்பக்கம் நிற்கும் தண்டு ஒன்று மேலிருக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும், இரண்டு மேக்னெட்டோக்கள். ஆறு சிலிண்டர் கொண்ட 6½ லிட்டரில் அந்தத் தண்டு இல்லை. பின்பக்கத்தில் மூன்று இணைப்புக் கம்பிகள், ரயில் என்ஜினின் சக்கரங்களை இணைக்கும் கம்பிகளைப் போல ஆடி, கேம்ஷாஃப்ட்டை இயக்கும். இதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

வடிவத்தை வைத்து முடிவு கிட்டாதபோது மரையைச் சோதிக்க வேண்டும். பிரிட்டிஷ் என்ஜினில் அங்குலக் கணக்கிலான விட்வொர்த் அல்லது பிஎஸ்எஃப் மரை, அமெரிக்க என்ஜினில் அங்குலக் கணக்கிலேயே வேறு வகையான எஸ்ஏஇ மரை, ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் மெட்ரிக் மரை என்பது பொது விதி. மரை அளவு காட்டும் தகடுகளின் கட்டு ஒன்று இருந்தால் போதும். பிளக் துளையும் துணை நிற்கும்: ஐரோப்பிய என்ஜின்களில் 18 மிமீ, அமெரிக்க என்ஜின்களில் பெரும்பாலும் ⅞ அங்குலம். மேலே விட்டுவைத்த டைம்லரையும் வில்லிஸ்-நைட்டையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

இந்த விதியை மீறும் என்ஜின் ஒன்று உண்டு. மீறுவதனாலேயே அதை அடையாளம் காணலாம். போல்ட்டின் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் கழற்றிப் பார்த்தால் மரை மெட்ரிக் என்றால், அது மோரிஸ். 1919 க்குப் பின் மோரிஸ் கௌலிக்கு என்ஜின் செய்து கொடுத்தது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கவென்ட்ரி தொழிற்சாலை. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆனால் இங்கிலாந்தின் பட்டறைகளில் இருந்த ஸ்பேனர்களோ விட்வொர்த். ஆகவே மரை பிரெஞ்சு, தலை பிரிட்டிஷ் என்று ஆயிற்று. 1923 இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கிய பின்னரும் இந்த வழக்கம் தொடர்ந்து, எம்ஜி டி வரிசைக் கார்கள் வரை நீடித்தது. இதை அறியாமல் பிஎஸ்எஃப் போல்ட்டைத் திணித்துத் திருகி, அலுமினியத் துளைகளைக் கெடுத்துவிட்ட மோரிஸ் என்ஜின்கள் ஏராளம்.

வாங்கிப் பொருத்திய என்ஜின்கள்

காரின் பெயரும் என்ஜினைச் செய்தவரின் பெயரும் வெவ்வேறாக இருப்பது அக்காலத்தில் சர்வசாதாரணம். அமெரிக்காவில் கான்டினென்டல், லைகாமிங், ஹெர்குலிஸ், புடா, விஸ்கான்சின். பிரிட்டனில் மெடோஸ், கவென்ட்ரி-சிம்ப்ளெக்ஸ், ஒயிட் அண்ட் பாப்பே, ஆன்சானி. பிரான்சில் ஆஸ்டர், பல்லோ, ஷப்புய்-டோர்னியே ஆகியோர் தாமே கார் செய்வதைவிடப் பிறருக்கு என்ஜின் விற்றுப் பிழைத்தவர்கள். கான்டினென்டலின் அடையாளம் ரெட் சீல் என்ற சிவப்பு முத்திரை. இப்படிப்பட்ட என்ஜின் கிடைத்தால், அதைச் செய்தவர் யார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்; எந்தக் காரிலிருந்து வந்தது என்பதை என்ஜின் மட்டும் சொல்லாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் பெரும்பாலும் விற்க வந்தவர்களாக இருப்பார்கள்.

அளவெடுத்தல்

சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமாகிய ஸ்ட்ரோக்கும் தெரிந்தால் ஐயம் பெருமளவு தீரும். ஹெட் கழன்றிருந்தால் பிஸ்டனை உச்சியிலும் அடியிலும் நிறுத்தி ஆழத்தை அளந்து, வேறுபாட்டை ஸ்ட்ரோக் என்று கொள்ளலாம். ஹெட் கழலாத என்ஜினில் பிளக் துளை வால்வின் மேல் திறப்பதால் அதன் வழியே கம்பி விட்டால் பிஸ்டனைத் தொடாது. அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியாகிய சம்ப்பைக் கழற்றிக் கிராங்க் ஷாஃப்ட்டில்தான் அளக்க வேண்டும். விட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. லேத் பட்டறையில் ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரை மறுபடி கடைந்து) ஒன்றரை மில்லிமீட்டர் வரை கூடியிருக்கலாம். ஸ்ட்ரோக் அப்படி மாறுவதில்லை.

பிரிட்டிஷ் கார்களின் பெயரில் வரும் குதிரைத்திறன் உண்மையான ஆற்றல் அல்ல, வரி விதிப்பதற்காக விட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 1,613 ஆல் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். மாடல் டி யின் விட்டம் 95.25 மிமீ, கணக்குப் போட்டால் 22.5 வரும். ஆஸ்டின் செவனின் 56 மிமீக்கு 7.8 வரும். மோரிஸ் என்ஜின் ஒன்றில் ஸ்ட்ரோக் 102 மிமீ என்று கண்டால், விட்டம் 69.5 ஐ ஒட்டியிருந்தால் 11.9 குதிரைத்திறன் கௌலி, 75 ஐ ஒட்டியிருந்தால் 13.9 கொண்ட ஆக்ஸ்போர்டு. பென்ட்லி 4½ லிட்டரும் 6½ லிட்டரும் ஒரே 100 மிமீ விட்டமும் ஒரே 140 மிமீ ஸ்ட்ரோக்கும் கொண்டவை. அங்கே சிலிண்டர்களை எண்ணுவதுதான் வழி.

எண்கள்

ஒரு என்ஜினில் இரண்டு வகை எண்கள் இருக்கும். வார்ப்பில் புடைத்திருப்பது பாகத்தின் எண் அல்லது வார்த்த தேதி. ஒரே அச்சில் எடுத்த எல்லாப் பிளாக்குகளிலும் அந்தப் பாக எண் ஒன்றாகவே இருக்கும். உளியச்சால் குழிவாகப் பொறித்ததே அந்த ஒரு என்ஜினுக்கு உரிய எண். பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டியது இரண்டாவது. பலர் முதலாவதை எழுதிவைத்துக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்க முயன்று ஏமாறுகிறார்கள்.

பொறித்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க இயலாது. மாடல் டிக்கு மாற்றுப் பிளாக்குகள் எண் இல்லாமலே விற்கப்பட்டன. பழைய எண்ணை அதில் பொறித்துக் கொடுப்பது பட்டறைக்காரரின் வேலை. எழுத்துகள் ஒரே வரியில் நிற்காமல் ஏறி இறங்கி இருப்பதும், மேடையின் பரப்பில் அரத்தின் கீறல்கள் தெரிவதும் பிற்காலக் கைவேலையின் அறிகுறிகள். அது மோசடியாகவும் இருக்கலாம், அக்காலத்து நேர்மையான பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். வார்ப்பு தேதி எண்ணின் காலத்துக்குப் பிந்தியதாக இருந்தால் பிளாக் மாறியிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய இடங்களில் கிடைக்கும் ஃபோர்டு என்ஜின்களுக்கு மற்றொரு குறிப்பும் உண்டு. பிரிட்டன் நீங்கலாகப் பேரரசின் மற்ற நாடுகளுக்குக் கார் அனுப்பும் உரிமை டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில், ஒன்டாரியோவின் வாக்கர்வில்லில் இருந்த கனடா ஃபோர்டு கம்பெனியிடம் இருந்தது. அங்கே செய்த மாடல் டி என்ஜினின் எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்தும், மாடல் ஏ என்ஜினுக்கு சிஏ என்ற எழுத்துகளும் இருக்கும். இந்த எண்களை அமெரிக்க ஃபோர்டின் ஆண்டுப் பட்டியலில் வைத்துத் தேடினால் தவறான ஆண்டே கிடைக்கும். கனடாவின் எண் வரிசை தனி. எழுத்து தேய்ந்து மறைந்திருக்கக்கூடும் என்பதால், முதல் இலக்கத்துக்கு முன்னால் உள்ள இடத்தையும் சாக்பீஸால் தேய்த்துப் பார்த்த பிறகே பட்டியலைத் திறக்க வேண்டும்.